ஆணியில் தொங்கிய சாவி

எங்கள் துறை அறையில், என் மேசைக்குப் பின்னால் சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. அதில் ஒரு சாவி தொங்கும். ஆசிரியைகள் கழிப்பறையின் சாவி. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு தனியார் கல்லூரியில் நான் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். மாணவிகளுக்கான கழிப்பறை விளையாட்டுத் திடலைத் தாண்டி, பின்பக்க மதிலை ஒட்டி இருக்கிறது. நான் சொல்லப்போகும் நாளில் அங்கே பாதிக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை. குழாயில் மதியத்துக்கு மேல் தண்ணீர் வராது.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு மதியம், இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி வந்து நின்றாள். துப்பட்டாவைத் தோளில் போடாமல் இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்தாள்.

"மேம், அந்தச் சாவி கொஞ்சம் குடுங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் நான் சொன்னது இதுதான்: "அது ஸ்டாஃப் டாய்லெட்மா. ஹெச்.ஓ.டி. சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வா, தர்றேன்."

அவள் சாரிடம் போகவில்லை. பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த மாதமும் மூன்று நாள் வரவில்லை, அதற்கடுத்த மாதமும். பருவத்தின் கடைசியில் வருகை குறைந்தவர்கள் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அந்தப் பட்டியலை எழுதியது நான். அபராதம் கட்டித்தான் தேர்வு எழுதினாள்.

அன்றிலிருந்து அந்தச் சாவி என்னைத் தொந்தரவு செய்துகொண்டே இருக்கிறது. நானும் மாதவிடாய்த் துணியைக் கண்ணுக்குத் தெரியாமல் காயப்போட்டு வளர்ந்தவள்தான். என் கைக்கு அந்தச் சாவி எப்படி வந்தது? அதைக் கேட்பவளிடம் ஒரு ஆணின் அனுமதியை வாங்கிவரச் சொல்லும் பழக்கம் எப்படி வந்தது? வரலாறு படித்தவளாக இதற்கு விடை தேட வேண்டும் என்று தோன்றியது. என் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

கழனியில் இறங்கலாம், வீட்டுக்குள் வரக்கூடாது

என் ஆயா கவரைப்பேட்டைக்குப் பக்கத்து கிராமத்துக்காரர். நாற்று நடவும் களை எடுக்கவும் கூலிக்குப் போனவர். வயசுக்கு வந்தபோது தாய்மாமன் பச்சை ஓலையில் குச்சு கட்டினார். அதில் உட்கார வைத்தார்கள். உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தார்கள். குச்சைப் பிரித்த நாளோடு பள்ளிக்கூடமும் முடிந்தது. அப்போது அவர் ஐந்தாம் வகுப்பு.

"மாசாமாசம் மூணு நாள் திண்ணைதான். தட்டு தனி, பாய் தனி. ஆனா நடவுக்கு ஆள் வேணும்னா மட்டும் யாரும் தூரம்னு சொல்ல மாட்டாங்க. கழனியில எறங்கலாம், வூட்டுக்குள்ள வரக்கூடாது" என்பார் ஆயா.

தீட்டு என்பதை நாம் மதநம்பிக்கையாக மட்டும் பார்க்கப் பழகியிருக்கிறோம். ஆயாவின் பேச்சில் அது வேலையோடும் சாதியோடும் பின்னிக் கிடந்தது. உட்கார வசதி உள்ள வீட்டுப் பெண் மூன்று நாள் ஒதுங்கினாள். கூலிக்காரி ஒதுக்கவும் பட்டாள், உழைக்கவும் செய்தாள். ஊரில் தீட்டுத்துணியை வெளுக்க வேண்டிய கடமை வண்ணார் வீட்டுப் பெண்கள் தலையில் இருந்தது. தலித் மக்களின் துணிகளை வெளுத்த புதிரை வண்ணார்களை, ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளும் ஒடுக்கப்பட்டவர்களாக வைத்திருந்தது ஊர். ஒருத்தியின் உதிரம் இன்னொருத்தியின் சாதியாக ஆனது இங்கேதான்.

இதைக் கேள்வி கேட்ட குரல்கள் தமிழில் இல்லாமல் இல்லை. சித்தர்களில் சிவவாக்கியர், தூமையைத் தீட்டு என்பவர்களைப் பார்த்து, அதில்தானே எல்லா உடலும் உருவானது என்று வாதிட்டார். ஆனால் இன்றைக்கும் அந்தச் சொல் நம் தெருக்களில் வசைச்சொல்லாகத்தான் புழங்குகிறது.

பூப்பு, படிப்பை நிறுத்தும் என்பது ஆயா வீட்டு வழக்கம் மட்டுமல்ல. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டிக்கும் அதே சுவர்தான். வயதுக்கு வந்ததும் பள்ளி நின்றது. வீட்டில் வைத்துப் பாடம் சொல்லித் தந்தார்கள். 1904இல் மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்த்துக்கொள்ள எதிர்ப்பு எழுந்தது. அதையும் தாண்டி 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பார்ப்பனக் குடும்பங்களில் வேறு விதமான சுவர். பூப்புக்கு முன்பே கல்யாணம் முடித்துவிட வேண்டும். அப்படிக் குழந்தையாகவே மணமாகி, குழந்தையாகவே கைம்பெண் ஆனவர் ஆர். எஸ். சுப்பலட்சுமி. 1911இல் பட்டம் பெற்று, தன்னைப் போன்ற சிறுமிகளுக்கு விடுதியும் பள்ளியும் நடத்தினார். பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கிய சாரதா சட்டம் 1929இல்தான் வந்தது.

சென்னையில் 1914இல் ராணி மேரிக் கல்லூரியும் 1915இல் மகளிர் கிறித்துவக் கல்லூரியும் தொடங்கின. இவற்றைப் பற்றிப் பாடம் நடத்தும்போது முதல் மாணவிகள் எத்தனை பேர், என்ன படித்தார்கள் என்று சொல்வோம். உதிரம் வரத் தொடங்கிய பிறகும் ஒரு பெண் வீட்டைவிட்டு வெளியே வந்து படிக்கலாம் என்பதை இந்த மண்ணில் நிலைநாட்டிய இடங்கள் அவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் அதைப் பல வருடம் சொல்லாமலே பாடம் நடத்தியிருக்கிறேன்.

அம்மாவின் ஷிப்ட்

எண்பதுகளில் எங்கள் பக்கம் சிப்காட் வந்தது. இரும்பு உருக்கும் ஆலைகள், ரசாயனக் கம்பெனிகள், உதிரிபாகத் தொழிற்சாலைகள். கழனிக்குப் போன பெண்களில் பலர் கம்பெனிக்குப் போனார்கள். அம்மா ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில் சேர்ந்தார்.

கம்பெனியில் யாரும் தீட்டு பார்க்கவில்லை. "அது ஒண்ணுதான் அங்க நிம்மதி" என்பார் அம்மா. ஆனால் கழிப்பறைக்குப் போகச் சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். போய்வர ஆகும் நேரத்தைக் கணக்கு பார்ப்பார்கள். பழைய பருத்திப் புடவையைக் கிழித்து மடித்துக் கட்டிக்கொண்டு, எட்டு மணி நேரம் நின்றபடி வேலை. தொடை உரசிப் புண்ணாகிவிடும். வீட்டுக்கு வந்ததும் துணியை அலசி, கொல்லையில் பாவாடைக்கு அடியில் மறைத்துக் காயப்போடுவார். மழைக்காலத்தில் அது சரியாகக் காயாது. ஈரவாடையோடு மறுபடியும் கட்டிக்கொள்வார்.

1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டம் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்றது. சட்டம் கழிப்பறையைக் கேட்டது. அதில் எவ்வளவு நேரம் இருக்கலாம், எத்தனை முறை போகலாம் என்பதை மேஸ்திரியும் சூப்பர்வைசரும் முடிவு செய்தார்கள். அது அம்மாவின் காலத்தோடு முடியவில்லை. 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலில் சுமார் 100 பெண்களிடம் பேசி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மாதவிடாய் வலி என்று சொன்ன பெண்களுக்கு, மருத்துவர் பார்க்காமலே, பெயர் ஒட்டாத மாத்திரைகள் ஆலைக்குள்ளேயே கொடுக்கப்பட்டன என்பது அதில் வெளிவந்தது. ஓய்வு கொடுத்தால் உற்பத்தி குறையும். மாத்திரை கொடுத்தால் குறையாது.

கறுப்பு கவர்

நான் 1997இல் கல்லூரியில் சேர்ந்தேன். திருவள்ளூர் தனி மாவட்டமான வருடம் அது. கல்லூரி சென்னையில். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் கவரைப்பேட்டையில் ஏறினால் பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக நின்று போகும். புறநகர் ரயிலில் கழிப்பறை கிடையாது. சரக்கு ரயிலுக்கு வழிவிட்டு நிறுத்திவைத்தால் எப்போது போய்ச் சேருவோம் என்று சொல்ல முடியாது. பெண்கள் பெட்டியில் ஒருத்திக்கொருத்தி பின்பக்கம் பார்த்துச் சொல்லுவோம். "ஏ, ஒண்ணும் இல்ல, தைரியமா நில்லு."

கடையில் வாங்கும் நாப்கினை நான் முதலில் பயன்படுத்தியது அப்போதுதான். அதன் பிறப்பும் ஒரு போர்க்களத்தில் என்று பிறகு படித்தேன். முதல் உலகப் போரில் காயத்துக்குக் கட்டுப்போட மரக்கூழிலிருந்து ஒரு பஞ்சு செய்தார்கள். செவிலியர்கள் அதைத் தங்கள் மாதவிடாய்க்கும் பயன்படுத்தினார்கள். போர் முடிந்ததும், மிஞ்சிய பஞ்சை என்ன செய்வது என்று யோசித்த கம்பெனி, 1920இல் கோடெக்ஸ் என்ற பெயரில் நாப்கின் விற்கத் தொடங்கியது. கண்டுபிடித்தவர்கள் பெண்கள், காசு பார்த்தது கம்பெனி.

எங்கள் ஊர் மெடிக்கல் ஷாப்பில் கேர்ஃப்ரீயும் ஸ்டேஃப்ரீயும் விஸ்பரும் மேல் தட்டில் இருக்கும். கூட்டம் கலையும்வரை காத்திருந்து கேட்போம். கடைக்காரர் செய்தித்தாளில் சுற்றி, கறுப்பு கவரில் போட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டே நீட்டுவார். தொலைக்காட்சி விளம்பரத்தில் நீலத் திரவத்தை ஊற்றிக் காட்டினார்கள். ஒரு பொருளுக்குக் கிசுகிசுப்பு என்று அர்த்தம் வருகிற பெயரையே வைத்தார்கள். வயசுக்கு வந்தபோது பந்தல் போட்டு, ஊரைக் கூட்டி, மஞ்சள் நீராட்டியவர்கள், அதற்கடுத்த மாதத்திலிருந்து அதைப் பற்றி வாயே திறக்கக்கூடாது என்றார்கள். இன்று ஃப்ளெக்ஸ் பேனரில் பெண்ணின் படத்தைப் போடுகிறார்கள், பேச்சு மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

படிவத்தில் பொய் எழுதியவர்கள்

கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தத்தின் கதை பலருக்கும் தெரியும். 1998 வாக்கில் மனைவி கந்தைத் துணி சேர்ப்பதைப் பார்த்து, மலிவு விலை நாப்கின் செய்யும் இயந்திரத்தை உருவாக்கினார். சுயஉதவிக் குழுப் பெண்களுக்கு அதைக் கொடுத்தார். 2016இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தக் கதையில் ஓர் இடம் எனக்கு முக்கியம். தான் செய்த நாப்கினைச் சோதிக்க அவர் மருத்துவக் கல்லூரி மாணவிகளிடம் போனார். பயன்படுத்திப் பார்த்து எழுதித்தரச் சொல்லிப் படிவம் கொடுத்தார். பிறகு ஒருநாள் போனபோது, சில மாணவிகள் மட்டும் உட்கார்ந்து எல்லோருடைய படிவங்களையும் நிரப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். அதன் பிறகுதான் கால்பந்தின் உள்பையில் ஆட்டு ரத்தத்தை நிரப்பித் தன் உடலிலேயே கட்டிக்கொண்டு நடந்தார்.

படம் எடுத்தவர்களுக்குக் கால்பந்து பிடித்துப்போனது. எனக்கு அந்த மாணவிகள்தான் நினைவில் நிற்கிறார்கள். உடலைப் படித்து மருத்துவர் ஆகப்போகிறவர்கள்கூடத் தங்கள் உடலைப் பற்றி ஒரு தாளில் உண்மையை எழுத முடியவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எழுதினால் யார் படிப்பார்கள், என்ன நினைப்பார்கள் என்ற பயம் எனக்கும் இருந்தது. மாணவிகளின் மாதவிடாய் சுகாதாரம் பற்றி எந்த ஆய்வைப் படித்தாலும் இப்போது முதலில் கேட்டுக்கொள்வது, இந்தப் பதில்களை அவர்கள் எந்த அறையில், யார் எதிரில் எழுதினார்கள் என்பதைத்தான்.

2012 மார்ச்சில் தமிழ்நாடு அரசு 'புதுயுகம்' திட்டத்தைத் தொடங்கியது. 10 முதல் 19 வயதுவரை உள்ள பெண்களுக்கு இலவச நாப்கின். ஒரு பாக்கெட்டில் 6, இரண்டு மாதத்துக்கு 3 பாக்கெட், வருடத்துக்கு 18. பிரசவித்த தாய்மார்களுக்கும் சிறையில் இருக்கும் பெண்களுக்கும் உண்டு. பள்ளியில் படிப்பவர்களுக்குப் பள்ளியிலும், மற்றவர்களுக்குக் கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடி வழியாகவும் கிடைத்தது. இதைச் சிறிய விஷயமாக நான் நினைக்கவில்லை. அரசாங்கமே கொடுக்கிறது என்றதும் எங்கள் தெருவில் கறுப்பு கவர் கொஞ்சம் மெலிந்தது. ஆனால் கணக்கைப் பாருங்கள். மாதத்துக்கு 9 நாப்கின். ஐந்து நாள் உதிரப்போக்குக்கு ஒரு நாளைக்கு இரண்டுகூட வராது. 19 முடிந்தால் அதுவும் நின்றுவிடும். என் மாணவிகளில் பலர் கடைசி வருடம் படிக்கும்போது இந்தத் திட்டத்தின் வயதைத் தாண்டிவிடுகிறார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது நாப்கினுக்கு 12 விழுக்காடு வரி போட்டார்கள். ஒரு வருடம் பெண்கள் எதிர்த்த பிறகு 2018 ஜூலையில் நீக்கினார்கள்.

98 விழுக்காடு

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 24 வயதுப் பெண்களில் சுமார் 98 விழுக்காட்டினர் சுகாதாரமான முறையைப் பயன்படுத்துகிறார்கள். இந்தியா முழுவதற்கும் அது சுமார் 77 விழுக்காடு. பெருமைப்பட வேண்டிய எண்தான். நாப்கின், டாம்பான், மாதவிடாய்க் கோப்பை ஆகியவை அந்தக் கணக்கில் சுகாதாரமானவை. துணி அதில் சேராது.

அந்த எண்ணை வகுப்பில் கரும்பலகையில் எழுதினேன். ஆண் மாணவர்கள் இல்லாத ஒரு மணி நேரம் அது. "சரிதானா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சிரிப்பு. பிறகு ஒருத்தி தொடங்கினாள். காலை ஆறரைக்கு வீட்டில் வைக்கிற நாப்கினை மாலை ஐந்தரைக்கு வீட்டில்தான் மாற்றுவாளாம். இன்னொருத்தி அந்த நாட்களில் தண்ணீரே குடிப்பதில்லை என்றாள். ஆரம்பாக்கத்திலிருந்து வரும் ஒருத்தி இரண்டு நாப்கினை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொள்கிறாள். பெரியபாளையத்துக்கு ஆடி மாதம் வேண்டுதல் இருந்தால், தள்ளிப்போட மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்குவோம், சீட்டு கேட்க மாட்டார்கள் என்றாள் மற்றொருத்தி. மேல்மருவத்தூருக்கு எங்க அம்மா அந்த மூன்று நாளிலும் போவாங்களே, அங்கே மட்டும் ஏன் தீட்டு இல்லை என்று பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி வந்தது. அன்றைக்கு நான் எடுத்த பாடத்திலேயே நல்ல கேள்வி அது.

நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கினை மாற்றச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். சோப்பு போட்டுத் துவைத்து வெயிலில் காயவைத்த துணி கெடுதல் இல்லை. பதினோரு மணி நேரம் மாற்றாத நாப்கின் அரிப்பையும் தொற்றையும் தரும். ஆனால் கணக்கில் அந்தத் துணி சுகாதாரமற்றது, இந்த நாப்கின் சுகாதாரமானது. என் மாணவிகள் எல்லோரும் அந்த 98இல்தான் இருக்கிறார்கள். அம்மாவின் கந்தல் போய் நாப்கின் வந்தது. மாற்றுவதற்கு ஒரு கதவு, கழுவத் தண்ணீர், போட ஒரு தொட்டி, போய்வரப் பத்து நிமிடம் ஆகியவை அம்மாவுக்குக் கிடைக்கவில்லை, அவர்களுக்கும் கிடைக்கவில்லை.

தொட்டி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளின் அபாயகரமான கழிவுகளைக் கொண்டுவந்து புதைக்கும் நிலையம் ஒன்று எங்கள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கிறது. எங்கிருந்தோ வரும் கழிவுக்கு இங்கே இடம் உண்டு. எங்கள் கல்லூரிக் கழிப்பறையில் நாப்கின் போட ஒரு மூடியிட்ட தொட்டி இல்லை. 2016ஆம் வருடத் திடக்கழிவு மேலாண்மை விதிகளே, நாப்கினை உறையில் சுற்றித் தனியாகக் கொடுக்கச் சொல்லின. பெண்கள் ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுப் போகிறார்கள். அதை எடுப்பவர் எங்கள் துப்புரவுப் பணியாளர் அக்கா, கையுறை இல்லாமல். ஆயா காலத்து வண்ணார் வீட்டுப் பெண்ணை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

விதி எழுதும் இடம்

கல்லூரிகள் இந்த விஷயத்தில் நடுநிலையானவை அல்ல. 2020 பிப்ரவரியில் குஜராத்தின் பூஜ் நகரில், ஒரு மகளிர் கல்லூரி விடுதியின் 68 மாணவிகளைக் கழிப்பறைக்கு அழைத்துப் போய், மாதவிடாயில் இல்லை என்று காட்ட உள்ளாடையைக் கழற்ற வைத்தார்கள். அதைச் செய்தவர்களும் பெண்கள்தான். அந்தச் செய்தியை வாசித்தபோது கோபப்பட்டேன். என் முதுகுக்குப் பின்னால் தொங்கிய சாவி அப்போது நினைவுக்கு வரவில்லை.

அதே கல்லூரிகளால் வேறு விதமாகவும் நடந்துகொள்ள முடியும். 2023 ஜனவரியில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், மாணவர் சங்கத்தின் கோரிக்கையை ஏற்று, ஒவ்வொரு பருவத்திலும் மாணவிகளுக்கு வருகையில் 2 விழுக்காடு தளர்வு தந்தது. அதே மாதம் கேரள அரசு அதைத் தன் உயர்கல்வித் துறையின் கீழுள்ள எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் விரித்தது. 75 விழுக்காடு என்பது மாணவிகளுக்கு 73 ஆனது. என் மாணவிக்குத் தேவைப்பட்டது அந்த மாதிரி ஒரு சின்ன எண்தான்.

இதை எதிர்க்கும் தோழிகளும் உண்டு. விடுப்பு கேட்டால் பெண்களை வேலைக்கே எடுக்க மாட்டார்கள் என்பது அவர்கள் கவலை. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் இதே கவலையைச் சொல்லி, அரசு பார்த்துக்கொள்ளட்டும் என்றது. அந்தக் கவலையை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் ஜப்பானின் தொழிலாளர் சட்டத்தில் 1947இலேயே மாதவிடாய் விடுப்பு இருக்கிறது. பீகாரில் அரசுப் பெண் ஊழியர்களுக்கு 1992 முதல் மாதம் இரண்டு நாள் இருக்கிறது. எடுக்க மாட்டார்கள் என்று பயந்து நாம் மறைத்துக்கொள்ளும் உடலைத்தான் அம்மா எட்டு மணி நேரம் நிற்கவைத்தார். என் மாணவிகள் பட்டம் வாங்கியதும் போவதும் அந்தக் கம்பெனிகளுக்குத்தான், பேருந்து ஏறி ஸ்ரீசிட்டிக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ. கல்லூரியில் ஒரு தாழ்ப்பாளைக் கேட்டு வாங்கப் பழகாதவள் அங்கே போய் எதைக் கேட்பாள்?

பூட்டு

அந்த வகுப்பு முடிந்த வாரம் மாணவிகள் ஒரு கடிதம் எழுதினார்கள். தாழ்ப்பாள், தண்ணீர், தொட்டி, கையுறை என்று நான்கே கோரிக்கைகள். கையெழுத்து போட முதலில் தயங்கினார்கள். முதல் கையெழுத்தை நான் போட்டேன். கல்லூரி மாதவிடாய் என்ற சொல்லை எடுத்துவிட்டு, சுகாதார வசதி என்று மாற்றி எழுதித்தரச் சொன்னது. மாணவிகள் மாற்றவில்லை. இரண்டு மாதம் இழுத்தடித்த பிறகு தாழ்ப்பாள்கள் வந்தன. தண்ணீர் இப்போது மூன்று மணிவரை வருகிறது. கையுறை வந்தது. தொட்டி இன்னும் வரவில்லை. கடிதம் எங்கோ ஒரு மேசையில் இருக்கிறது.

அபராதம் கட்டிய அந்தப் பெண்ணைப் போன வருடம் பொன்னேரி ஸ்டேஷனில் பார்த்தேன். பி.எட். படிப்பதாகச் சொன்னாள். நான் அன்றைக்குச் சொன்னதற்காக வருத்தப்படுகிறேன் என்றேன். அவளுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. "பரவால்ல மேம்" என்று அவள் சொல்லவில்லை. "சார்கிட்ட எப்படி மேம் கேக்கறது?" என்றாள். அவ்வளவுதான். என் ரயில் வந்துவிட்டது.

ஆசிரியைகள் கழிப்பறைக்கு இப்போது பூட்டு இல்லை. இரண்டு சக ஆசிரியைகள் இன்னும் என்மேல் வருத்தத்தில் இருக்கிறார்கள். ஆணி சுவரில் அப்படியேதான் இருக்கிறது. அதில் ஒரு துணிப்பை மாட்டி, சில நாப்கின்கள் போட்டு வைத்திருக்கிறோம். எடுப்பவர்கள் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. முடிந்தால் அடுத்த மாதம் ஒன்று வாங்கி வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். பை இதுவரை ஒருநாளும் காலியாகவில்லை.